மலையகத்து வீடுகளில் பார்க்கின்சன் நோய்: நோயாளிக்கும் பராமரிப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

பார்க்கின்சன் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் மாத்திரை நேரம் தவறாமல் இருந்து, உடல் தினமும் அசைந்து, பராமரிப்பவரும் ஓய்வெடுக்கும் வீட்டில் இந்நோயுடன் பல ஆண்டுகள் நன்றாக வாழ முடியும். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் மிகவும் கடினமானது முதலாவதுதான்; மாத்திரைக்கு ஒரு நேரமும், கொழுந்து பறிக்கும் மலை வேலைக்கு வேறொரு நேரமும் இருப்பதால் இரண்டும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. ஆகவே இக்கட்டுரை அதற்கே அதிக இடம் கொடுக்கிறது.

1817ஆம் ஆண்டு ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் முதன்முதலில் விரிவாக விவரித்த இந்நோயில், மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அதனால் அசைவுகள் மந்தமாகின்றன, தசைகள் விறைக்கின்றன, ஓய்வாக இருக்கும் கை நடுங்குகிறது, பின்னாளில் நடையில் தடுமாற்றமும் வருகிறது. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். நடுக்கமே இல்லாதவர்களும் உண்டு. கொழுந்து பறிப்பவரின் ஒரு கை மட்டும் வேகம் குறைவது, கையெழுத்து சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குவது ஆகியவற்றை "வயசு போய்விட்டது" என்று விட்டுவிடக் கூடாது. மணம் தெரியாமற்போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கை கால்களை வீசுவது என்பன நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றக்கூடும். இவற்றைக் கவனித்தால் தோட்ட மருந்தகத்திலோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ சொல்லி, கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் பெற வேண்டும். போகும்போது வீட்டில் பாவிக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது அவசியம், ஏனெனில் தலைச்சுற்றுக்காக நீண்டகாலம் விழுங்கிய சில மாத்திரைகளே பார்க்கின்சன் போன்ற விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கலாம். அவற்றை வைத்தியர் நிறுத்தினால் பலருக்கு அந்த அறிகுறிகள் குறைந்துவிடும்.

மாத்திரையின் நேரம்

இந்நோய்க்கு மிகவும் பயனுள்ள மருந்து லெவோடோபா; கார்பிடோபா அல்லது பென்செராசைட் சேர்ந்த மாத்திரையாக இது கிடைக்கிறது. இது சில மணி நேரமே உடலில் வேலை செய்யும். தொடக்க ஆண்டுகளில் அரைமணி முந்திப் பிந்தினாலும் பெரிதாகத் தெரியாது. நோய் முற்றியபின் அதே அரைமணித் தாமதத்தில் கால் தரையை விட்டு எழும்பாமல் போகலாம். காலையில் ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால், நடு இரண்டு வேளைகளிலும் வீட்டுப் பெரியவர்கள் மலையில் இருப்பார்கள். இந்த முடிச்சை முதல் வாரத்திலேயே அவிழ்க்க வேண்டும். பத்து மணி மாத்திரையைக் கொடுப்பது யார், இரண்டு மணி மாத்திரையைக் கொடுப்பது யார் என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். பக்கத்துக் காம்பராவில் (லய அறையில்) இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவராகவோ பாடசாலை விட்டு வரும் பேரப்பிள்ளையாகவோ இருக்கலாம். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விடும் வேளைதான் தவறுகிறது. ஒவ்வொரு வேளைக்கும் உரிய மாத்திரையைத் தனிச் சிறு டப்பாவில் இட்டு, நேரத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டி, கைபேசியில் மணி ஒலிக்கும்படி வையுங்கள். எப்படியும் ஆள் கிடைக்காத வேளை இருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேலை நேரத்துக்குப் பொருந்த வேளைகளை மாற்றியமைக்க முடியுமா என்று அவரே பார்ப்பார். தவறிய மாத்திரைக்காக அடுத்த வேளையில் இரண்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

மாத்திரையைத் தண்ணீருடன், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னரோ ஒரு மணி நேரம் பின்னரோ கொடுப்பது நல்லது. நம் வீடுகளில் காலைப் பால்தேநீருடனேயே மாத்திரையை விழுங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பாலிலும் பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள புரதம் லெவோடோபாவுடன் போட்டியிட்டு அது உடலில் சேர்வதைக் குறைக்கும். இதற்காகப் புரத உணவை நிறுத்திவிடக் கூடாது. நோயாளியின் எடை குறைந்தால் அது வேறொரு துன்பம். நேரத்தைப் பிரித்தாலே போதும். வெறும் வயிற்றில் குமட்டினால் பால் சேராத ஒரு பிஸ்கட் கொடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் இதே குழப்பத்தை ஏற்படுத்துவதால் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது; கடும் விறைப்பும் காய்ச்சலும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே தீங்காகலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடப்படும் பகுதிகளில் வாழ்பவர்கள், கையிருப்பு முடியும் நாளுக்கு முன்பே அடுத்த தொகையைப் பெற்று, ஒரு வாரத்துக்குரியதை எப்போதும் தனியே வைத்திருக்க வேண்டும். வைத்தியசாலையில் மருந்து முடிந்திருந்தால் அரச மருந்துக் கடையான ஒசுசலவில் விசாரிக்கலாம். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருந்து விடியலில் பஸ் ஏறிக் கண்டிக் கிளினிக்குக்குப் போகும் நாளில் அன்றைய வேளை மாத்திரைகளும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கட்டும். வாட்டில் அனுமதித்தால், இவருக்கு இன்ன நேரத்தில் இன்ன மாத்திரை என்று எழுதிய தாளைத் தாதியிடம் கொடுத்து அதன் அவசியத்தைப் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். அதே தாளில், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்குளோப்ரமைட், புரோக்குளோர்பெராசின், தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சின்னரிசின், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் ஆகியவை இந்நோயை மோசமாக்கும் என்பதையும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதி வையுங்கள். இந்த ஒரு தாளை ஒவ்வொரு குடும்பமும் வைத்திருக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

நடையும் வீடும்

மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் தினமும் நடக்க வேண்டும். உடற்பயிற்சி இந்நோயில் மருந்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. படிகளும் செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளும் நிறைந்த இடத்தில் நடைக்குச் சமதரை தேட வேண்டியிருக்கும். கோயில் முன்றிலோ விளையாட்டு மைதானமோ போதும். வாசலிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட்டால் இழுக்கவோ தள்ளவோ கூடாது. அப்படித்தான் பலர் விழுகிறார்கள். நிற்க விட்டு, மூச்சு விடச் சொல்லி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள், அல்லது முன்னால் உங்கள் பாதத்தை வைத்து அதைத் தாண்டச் சொல்லுங்கள். சீமெந்துத் தரையில் வாசலுக்கு முன்பாகச் சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டால் அவற்றைத் தாண்டுவதுபோல் நடக்கலாம். தாளத்துக்கு நடப்பதும் உதவும். தப்பு மேளத்தின் அடியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கைதட்டிக் கொடுக்கும் தாளமே போதுமானதாக இருக்கிறது. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து திரும்பப் பழக்குங்கள்.

லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) முன்னால் ஓடும் கானும் (வடிகாலும்), இஸ்தோப்பின் (திண்ணையின்) ஈரமும், இரவில் வெளியே இருக்கும் மலசலகூடமும்தான் பெரிய ஆபத்துகள். கானின் மேல் அசையாத பலகையும், பிடிப்பதற்கு ஒரு மூங்கில் அல்லது குழாய்க் கைப்பிடியும், இரவுக்கு அறைக்குள்ளேயே ஒரு மூடியுள்ள வாளியும் வைத்தால் பல விழுகைகள் தவிரும். இறப்பர் செருப்பு வழுக்கும். குதிகாலைப் பிடிக்கும் பட்டியுள்ளது நல்லது. படுக்கையிலிருந்து எழும்போது சிறிது நேரம் உட்கார்ந்த பின்பே நிற்க வேண்டும், ஏனெனில் நோயாலும் மருந்தாலும் இரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து தலை சுற்றக்கூடும். மலையகக் குளிரில் விறைப்பு அதிகம் தோன்றுவதாகப் பலர் சொல்வதால் காலையில் வெந்நீரும் கம்பளிச் சட்டையும் அவசியம்.

உலர்ந்த ரொட்டி தொண்டையில் அடைக்கக்கூடும். கறியில் ஊறவைத்துச் சிறு துண்டுகளாகக் கொடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து உண்ணச் செய்யுங்கள். சாப்பிடும்போது இருமலோ, சாப்பிட்டபின் குரலில் ஈரக் கரகரப்போ இருந்தால் பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கக் கேளுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் பப்பாசியும். குரல் தாழ்ந்துபோனவரைத் தினமும் செய்தித்தாளை உரத்து வாசிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. முகத்தில் உணர்ச்சி தெரியாததைக் கோபம் என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். தசைகளின் விறைப்பே அதற்குக் காரணம், உள்ளே அன்பு அப்படியேதான் இருக்கிறது. ஓரிரு நாளில் திடீரென நிலை மோசமானாலோ இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தாலோ முதலில் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல் ஆகியவற்றைச் சந்தேகித்து வைத்தியரிடம் போங்கள். விழுந்து அடிபட்டால் 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும்.

பராமரிப்பவர்

பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் இந்தச் சுமையைத் தூக்குகிறார். அவர் காலையில் சமைத்து, நோயாளியைக் குளிப்பாட்டி, மலைக்குப் போய், மாலையில் திரும்பி, இரவிலும் பல தடவை எழும்புகிறார். அவருக்கும் முதுகு வலிக்கும், கோபம் வரும், பின்னர் கோபப்பட்டதற்காக அழுகையும் வரும். இது அவருடைய அன்பின் குறை அல்ல, ஓய்வின்மையே காரணம். தூக்குவதிலிருந்து தொடங்குங்கள்: நோயாளியைக் கக்கத்தில் பிடித்து இழுக்காமல், இருக்கையின் விளிம்புக்கு நகரச் செய்து, பாதங்களைப் பின்னால் இழுக்கச் சொல்லி, உடலை நன்றாக முன்னால் சாய்த்து, மூன்று எண்ணியதும் அவரே எழும்பவிட்டால் இருவரின் முதுகும் தப்பும்.

கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளைகள் பணம் அனுப்புவதுடன் தங்கள் பங்கு முடிந்துவிட்டதாக நினைப்பதுண்டு. அவர்களிடம் பொதுவாக உதவி கேட்டால் பொதுவான பதிலே வரும். மாதாந்தக் கிளினிக் பயணம் அண்ணனுடையது, இரண்டாவது ஞாயிறு முழுவதும் தங்கை வந்து நிற்பாள், மருந்து வாங்குவது தம்பியின் பொறுப்பு என்று நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள். அந்த ஞாயிற்றில் பராமரிப்பவர் துணி துவைக்காமல் உறங்கவோ உறவினர் வீட்டுக்குப் போகவோ வேண்டும். தன் சொந்த இரத்த அழுத்தத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் உரிய கிளினிக் நாட்களை அவர் விட்டுவிடுவதையும் வீட்டார் அனுமதிக்கக் கூடாது. உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கும் கிராம உத்தியோகத்தர் மூலமாகவோ பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். பராமரிப்பவருக்குத் தூக்கமின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறையேனும் வந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். நோயாளியின் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் தன்னைப் பற்றியும் பேசலாம். பராமரிப்பவர் எப்படி இருக்கிறார் என்பதை அறியாமல் நோயாளிக்கான சிகிச்சையை வைத்தியராலும் சரியாகத் திட்டமிட முடியாது.