வேலூர்க் கோட்டையை அரை நாளில் பார்ப்பது எப்படி?

ஆஸ்பத்திரி வேலையாக வேலூர் வருபவர்களில் பலர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

காலை ஆறரைக்கெல்லாம் வந்துவிட்டால் நல்லது. உடனே உள்ளே நுழையாமல், அகழிக்கு வெளியே நின்று கிழக்கு மதிலைப் பாருங்கள். அந்த நேரத்து வெயில் அதன்மேல் நேராக விழும். மதில் ஒரே கோடாக ஓடாது; வட்டக் கொத்தளங்களும் சதுரமாகத் துருத்திய பகுதிகளும் இடையிடையே வரும். சுவரின் அடிக்கே வந்துவிட்ட எதிரியை நேர் மேலிருந்து சுடுவது கடினம். துருத்திய இடத்தில் நிற்பவன் பக்கவாட்டில் சுடலாம். கருங்கல் விளிம்பில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரிந்தால், அவை ஆப்பு அடித்துக் கல்லைப் பிளந்த தடங்கள்.

அடுத்தது கோயில். உச்சி வெயிலுக்கு முன்பே போய்விட வேண்டும். நடை சாத்திவிடுவார்கள், கல்தரையும் வெறுங்காலைச் சுட்டுவிடும். கோபுரம் தாண்டியதும் இடப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு மட்டும் அரை மணி நேரம் கொடுங்கள். உட்கார்ந்து விதானத்தைப் பாருங்கள்: நடுவில் தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். யாளித் தூண்களைப் படமெடுக்க ஃபிளாஷ் வேண்டாம். செதுக்கலின் ஆழமே தெரியாமல் தட்டையாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஓரத் தூண்களே போதும். இவ்வளவு நுணுக்கமான இடத்தை ஆங்கிலேயர் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். லிங்கம் மறுபடி உள்ளே வந்து பூஜை தொடங்கியது 1981இல்தான்.

அதே மதிலுக்குள் 1846இல் கட்டிய புனித யோவான் தேவாலயமும் ஒரு மசூதியும் இருக்கின்றன. திப்புவின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்ததும் இந்தக் கோட்டையில்தான். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது இங்கேதான். தோல் வைத்த புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறிக்குத் தடையும் அவர்களைக் கொதிக்க வைத்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலப் படை அதிகாரி கில்லெஸ்பி அன்றே அந்தக் கிளர்ச்சியை அடக்கினான். அதன் நினைவுத்தூண் கோட்டைக்கு வெளியே மக்கான் சிக்னலில் நிற்கிறது.

அங்கிருந்து லாங்கு பஜாருக்கு நடந்தே போகலாம். கூட்டம் சேர்ந்துவிட்டால் அங்குள்ள மணிக்கூண்டின் கல்வெட்டருகே நிற்க இடமிருக்காது. முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனதையும் 14 பேர் மடிந்ததையும் அது சொல்கிறது.

நேரமிருந்தால் ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரை முத்து மண்டபம் போங்கள். வேலூரில் சிறைப்பட்டு 1832இல் இறந்த கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம் அது. ஆட்டோவைப் போகவர இரண்டுக்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.