போட்டி நாளில் குழுவைத் தளர்த்திவிடும் தவறுகள்

நடனம், பாட்டுப் போட்டி நாள் காலையில் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறவருக்குக் கை சும்மா இருக்காது. ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று ஆரம்பித்து, முழு நிகழ்ச்சியையும் நாலைந்து முறை ஆடவைத்துவிடுவோம். மேடை ஏறும்போது பிள்ளைகளின் காலில் வலு இருக்காது, பாடுகிறவர்களின் தொண்டை கட்டியிருக்கும். ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள், போதும். அப்புறம் தொடக்கம், முடிவு, இடம் மாறும் கட்டங்கள் இவற்றை மட்டும் மெதுவாக நடந்து பார்க்கட்டும். பாட்டுக் குழு என்றால் குரலை அடக்கியே ஒத்திகை பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, அன்றைக்கு எதையாவது மாற்றுவது. நானே செய்திருக்கிறேன். இன்னொரு குழுவின் முடிவைப் பார்த்துவிட்டு, எங்கள் நடனத்தின் முடிவில் யார் எங்கே நிற்பது என்பதை ஒப்பனை அறையிலேயே மாற்றினேன். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் புது இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒரு சிறுமி மட்டும் பழைய இடத்தில், மேடையின் இடது ஓரத்தில், தனியாக நின்றாள். பாட்டு முடிந்த பிறகும் அவள் கண்கள் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தன. இரண்டு மாதம் பழகியதை அவள் உடம்பு சரியாகத்தான் செய்தது. தப்பு என்னுடையது.

அன்று மாற்றலாம் என்றால் அது இடைவெளி மட்டும்தான். மேடை குறுகலாக இருந்தால் ஸ்டெப்பைத் தொடாமல், நிற்கும் தூரத்தைக் குறையுங்கள். அனுமதி கிடைத்தால் எல்லோரும் மேடையில் ஒரு முறை நடந்து, ஓரத்திலிருந்து தன் இடத்துக்கு எத்தனை காலடி என்று எண்ணிக்கொள்ளட்டும். யாராவது காய்ச்சலில் வராமல் போனால், புதிதாக ஒருவரைப் பழக்கி நிறுத்தவேண்டாம். இடைவெளியைச் சரிசெய்துகொண்டு இருப்பவர்களே ஆடட்டும்.

பாட்டு ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து. பென் டிரைவில் ஒன்று, போனில் டவுன்லோட் செய்து ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போனிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் வரும் அழைப்பு அரங்கம் முழுக்க ஒலிக்கும். ஒத்திகைக்காக ‘ஒன்று, இரண்டு’ எண்ணிப் பதிவுசெய்த ஃபைலும் அதே பெயரில் இருந்தால், கூட்டத்தின் முன்னால் அதுதான் ஓடும். குழுவை நன்றாகத் தெரிந்த ஒருவர் பாட்டை ஓட்டும் ஒலி அமைப்பாளர் பக்கத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகள் நின்ற பிறகு பாட்டா, பாட்டு வந்த பிறகு அவர்கள் வருவதா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

காலையில் உடம்பைச் சூடேற்றிவிட்டு, குளிரூட்டிய அரங்கில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் அந்தச் சூடெல்லாம் போய்விடும். மேடைக்கு 10, 15 நிமிடம் முன்பு நின்ற இடத்தில் மெல்ல ஓட்டம், தோள் சுழற்றல் போதும். நெடுநேரம் தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சி அப்போது வேண்டாம். நரம்பு வாத்தியங்களை அரங்கின் குளிரில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு சுருதி சேருங்கள். வயிறு நிறையச் சாப்பிடுவது இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். ஆனால் பட்டினி போடாதீர்கள்.

உடையை அன்றுதான் முதல் தடவையாகப் போடுகிறார்கள் என்றால் சிக்கல் நிச்சயம். கையைத் தூக்கி, குதித்து, தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தால்தான் எது நழுவுகிறது என்று தெரியும். ஊக்கை மட்டும் நம்பாமல், தோளில் இரண்டு தையல் போட்டுவிடுங்கள். கழிப்பறைக்கு அனுப்புவது உடை போடுவதற்கு முன்பு.

கடைசி ஐந்து நிமிடத்தில் பழைய தப்புகளை ஞாபகப்படுத்தாதீர்கள். “மூணாவது வரியில நீ எப்பவும் தடுமாறுவே” என்றால், அந்தப் பிள்ளை அந்த வரியைச் சுமந்துகொண்டுதான் மேடைக்குப் போகும். அதற்குப் பதில், பாட்டு நடுவில் நின்றால் யாரைப் பார்த்துத் தாளத்தைத் தொடரவேண்டும் என்று சொல்லுங்கள். அது அவர்களுக்குத் தெம்பு.

ஆடி முடித்து இறங்கியதும் எங்கே பிசகியது என்று கேட்கவேண்டாம். முதலில் தண்ணீர் கொடுங்கள், தலையில் குத்தும் ஹேர்பின்களை எடுத்துவிடுங்கள்.