'அப்ரீஷியேட்': 'பாராட்டு' என்ற ஒரே பொருளோடு நின்றால் எங்கே தவறும்?

நம்மில் பலர் இந்த ஆங்கிலச் சொல்லை 'பாராட்டு' என்றே படித்திருப்போம். வேர் வேறு: லத்தீனில் 'ப்ரெட்டியும்' என்றால் விலை. ஒன்றின் மதிப்பை அறிவதுதான் அடிப்படைப் பொருள். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

படி 1: அ-ப்ரீ-ஷி-யேட். அழுத்தம் 'ப்ரீ'யில்.

படி 2: நன்றி சொல்லும்போது, எதற்கு என்பதை உடனே சொல்லுங்கள். 'ஐ அப்ரீஷியேட் யுவர் ஹெல்ப்' சரி. 'அப்ரீஷியேட் ஃபார் யுவர் ஹெல்ப்' தவறு. 'தேங்க்' முதலில் ஆளைச் சொல்லும், காரணத்துக்கு 'ஃபார்' கேட்கும். இதுவோ காரணத்தையே நேரடியாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வினை வந்தால் 'இங்' வடிவம் வேண்டும்: 'டு கம்' அல்ல, 'ஐ அப்ரீஷியேட் யுவர் கமிங்'.

படி 3: வேண்டுகோள். மின்னஞ்சல்களில் அதிகம் பிழையாவது இதுதான். 'ஐ வுட் அப்ரீஷியேட் இட் இஃப் யூ குட் ரிப்ளை பை ஃப்ரைடே.' நடுவிலுள்ள 'இட்' பலருக்கு விட்டுப்போகிறது. 'பதில் அனுப்பினால் நன்றாக இருக்கும்' என்னும் தமிழ் வாக்கியத்தில் 'அது' தேவையில்லை. அந்தப் பழக்கம் அப்படியே வந்துவிடுகிறது. தொனியையும் கவனியுங்கள். நண்பரிடம் 'ப்ளீஸ்' போதும். 'இஃப் யூ ஸ்டாப்ட் ஷவுட்டிங்' என்று முடித்தாலோ அதே பணிவான அமைப்பு கண்டிப்பாக ஒலிக்கும்.

படி 4: பின்னால் 'தட்' வந்து ஒரு முழு வாக்கியம் தொடர்ந்தால் பெரும்பாலும் 'புரிகிறது' என்று பொருள். 'ஐ அப்ரீஷியேட் தட் யூ ஆர் பிஸி, பட்...' இதில் பாராட்டே இல்லை. சொல்ல வந்த விஷயம் 'பட்'டுக்குப் பிறகுதான் இருக்கிறது.

படி 5: மதிப்பு உயர்தல். இங்கே செயப்படுபொருள் வராது: 'தி லேண்ட் ஹேஸ் அப்ரீஷியேட்டட்.' ஒரு டாலர் 85 ரூபாயிலிருந்து 83 ரூபாய்க்கு வந்தால் ரூபாய் அப்ரீஷியேட் ஆகியிருக்கிறது. எண் குறைவதைப் பார்த்துச் சரிவு என்று நினைத்துவிடாதீர்கள். குறைந்த ரூபாய்க்கே ஒரு டாலர் கிடைக்கிறது. எதிர்ச்சொல் 'டிப்ரீஷியேட்'.

'மை மேனேஜர் அப்ரீஷியேட்டட் மீ' என்பது நம் அலுவலகங்களில் சாதாரணம். வெளிநாட்டவர் அதை 'என் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது' என்றே புரிந்துகொள்வார். வாயால் புகழ்ந்தார் என்றால் 'ப்ரெய்ஸ்ட்' என்று எழுதுங்கள்.

'ஐ ஆம் அப்ரீஷியேட்டிங் யுவர் ஹெல்ப்' என்றும் எழுத வேண்டாம்; நன்றிக்கு இந்த 'இங்' வடிவம் பொருந்தாது. நில விலை ஏறிக்கொண்டிருப்பதைச் சொல்லும்போது மட்டும் 'இஸ் அப்ரீஷியேட்டிங்' சரியே.