அரட்டையில் காது கொடுப்பது எப்படி?

மனக்கவலையை அரட்டையில் கொட்ட வருபவர்களுக்கான செவன் கப்ஸ் போன்ற இணையதளத்தில் தன்னார்வக் கேட்பாளராகச் சேர்ந்தால், முதலில் அறிவுரையை அடக்கப் பழகுங்கள். “தூக்கமே வரல” என்பவருக்கு “பால் குடிச்சுப் பாருங்க” என்று பதில் போட்டால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். “படுத்ததும் மனசுல என்ன ஓடுது?” என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான். அவர் சொன்ன வார்த்தையையே எடுத்து, “ராத்திரி ஆனாலே பயமா இருக்குன்னு சொல்றீங்க, சரியா?” என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வர 5 நிமிடம் ஆனாலும் அவசரப்படுத்த வேண்டாம். அழுதுகொண்டே தட்டுபவரின் விரல் மெதுவாகத்தான் ஓடும்.

சொந்த வாட்ஸ்அப் எண்ணைக் கொடுக்கவே கூடாது.

சாவுப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் “தற்கொலை எண்ணம் வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால், தளத்தின் நெறியாளருக்கு உடனே தெரிவியுங்கள். இந்தியாவில் இருப்பவருக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணைக் கொடுங்கள். 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.