ஜப்பானிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: மொட்டைமாடியில் தொடங்குங்கள்

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் கோயில், கோபுரம், புல்லட் ரயில் எல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு போவார்கள். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் மட்டும், "அது பணக்காரர் கடை, நமக்கு எதற்கு?" என்று வெளியிலிருந்தே படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் உள்ளே போனேன், அதையும் தப்பாகச் செய்தேன். தரைத்தளத்தில் நுழைந்து, கீழே இறங்கி, தின்பண்டம் எல்லாம் வாங்கிக் கையில் நான்கு பையோடு பகல் ஒரு மணிக்கு மேல்மாடி உணவகத்துக்குப் போனால், வரிசை படிக்கட்டுவரை நீண்டிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றேன். அந்த முக்கால் மணி நேரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தச் செய்முறை.

கடையை ஜப்பானிய மொழியில் "தெபாத்தோ" என்பார்கள். இன்னொரு பெயர் "ஹ்யாக்காதென்", அதாவது நூறு வகைச் சரக்குக் கடை. "ஹ்யாக்குயென்" என்று ஆரம்பிக்கும் கடை வேறு, அது நூறு யென் கடை. வழி கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிளாஸ்டிக் டப்பா விற்கும் இடத்தில் போய் நிற்பீர்கள்.

படி 1: கடையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறைக்கு நான் சொல்வது டோக்கியோவின் நிஹொன்பாஷி. ஷிஞ்ஜுக்கு, கின்ஸா பக்கமெல்லாம் கூட்டம் நெரியும். நிஹொன்பாஷியில் மிட்சுகோஷி, தகாஷிமயா என்ற இரண்டு பழைய கடைகள் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. இரண்டு கட்டடங்களையும் ஜப்பானிய அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. தகாஷிமயாவுக்கு 2009-ல் கிடைத்தது, மிட்சுகோஷிக்கு 2016-ல்.

மிட்சுகோஷி நம் தி.நகர் ஆட்களுக்கு உடனே புரிகிற கடை. அடிப்படையில் அது ஒரு ஜவுளிக்கடை. 1673-ல் மிட்சுயி தகாத்தோஷி என்பவர் "எச்சிகோயா" என்ற பெயரில் கிமோனோ துணிக்கடையாகத் தொடங்கினார். அந்தக் காலத்தில் வியாபாரி துணியைப் பெரிய வீடுகளுக்கு எடுத்துப் போவார். விலை ஆளுக்கு ஆள் மாறும், பணம் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வரும். எச்சிகோயா அதை மாற்றியது: கடைக்கு வாருங்கள், ரொக்கம் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே விலை. எனவே பேரம் பேசிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். 350 வருஷத்துக்கு முன்பே அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

போகும் வழி எளிது. சுரங்க ரயிலில் கின்ஸா பாதையிலோ ஹன்ஸோமோன் பாதையிலோ ஏறி "மிட்சுகோஷிமாயே" நிலையத்தில் இறங்குங்கள். பெயருக்கே "மிட்சுகோஷிக்கு முன்னால்" என்றுதான் அர்த்தம். நிலையத்திலிருந்து நேராகக் கடையின் கீழ்த்தளத்துக்குள் நுழையலாம். ஆனால் இன்று அப்படி நுழையாதீர்கள். தெருவுக்கு ஏறி வாருங்கள்.

படி 2: கதவு திறக்கும் நேரத்துக்கு நில்லுங்கள்

கடை காலை 10 மணிக்குத் திறக்கும். ஐந்து நிமிஷம் முன்னதாகவே வாசலில் இருங்கள். வாசலின் இரு பக்கமும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களைப் பார்த்துச் செய்து 1914-ல் வைத்தவை. யார் கண்ணிலும் படாமல் சிங்கத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. டோக்கியோ நடுத்தெருவில் யார் கண்ணிலும் படாமல் ஏறுவது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கதவு திறந்ததும் உள்ளே ஊழியர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்குவார்கள். முதல் முறை நமக்குக் கூச்சமாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் வணக்கம் செய்ய வேண்டியதில்லை. லேசாகத் தலையசைத்துக்கொண்டே நடங்கள், போதும். வணங்குகிறவர்களைப் பக்கத்தில் போய் வீடியோ எடுக்காதீர்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று என் அம்மா கேட்டார். இப்போது வேண்டாம். ஆனால் கேள்வி தப்பில்லை. டோக்கியோவை உலுக்கிய 1923 நிலநடுக்கத்துக்கு முந்தைய காலத்தில் வாசலிலேயே செருப்பை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள்.

படி 3: எதையும் வாங்காமல் நேராக மேலே போங்கள்

முக்கியமான படி இதுதான். லிஃப்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். மிட்சுகோஷி மாடியில் தோட்டமும் சின்னதாக ஒரு ஷிண்டோ கோயிலும் உண்டு. உணவகங்கள் பெரும்பாலும் 11 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் இந்த இடைவெளிக்கு மாடி சரியான இடம்.

ஏன் மேலே இருந்து? உணவகத்தை உச்சியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டுக்காக மேலே ஏறியவர்கள் இறங்கி வரும்போது ஒவ்வொரு மாடியாக எட்டிப்பார்த்து ஏதாவது வாங்குவார்கள். தண்ணீர் மேலிருந்து கொட்டுவதுபோல என்பதால் இதை அங்கே "ஷவர் விளைவு" என்கிறார்கள். நம்மை வாங்க வைக்கக் கட்டிய ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் வயிறு நிறைந்து, கை வீசிக்கொண்டு இறங்குவது நமக்கும் வசதி. நான் செய்ததுபோலக் கீழிருந்து பையோடு ஏறினால் எல்லாம் தலைகீழ்.

மேல்மாடிச் சாப்பாட்டுக்குப் பேர்போன கடை ஒசாகாவின் ஹான்க்யூ. ரயில் கம்பெனி நடத்திய கொபாயாஷி இச்சிஸோ 1929-ல் உமேதா ரயில் நிலையத்திலேயே அதைத் திறந்தார். மாடி உணவகத்தில் "காரே ரைஸு" 20 சென் (நூறு சென் ஒரு யென்). நம்ம "கறி"தான் ஊர் சுற்றி அங்கே "காரே" ஆகியிருக்கிறது. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதற்கும் காசில்லாதவர்கள் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இலவசமாக வைத்திருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். வேறு இடமாக இருந்தால் விரட்டியிருப்பார்கள். கொபாயாஷி, "சோறு மட்டும் கேட்கும் வாடிக்கையாளர்களையும் வரவேற்கிறோம்" என்று எழுதி ஒட்டினார். பணக்காரர் கடை என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்லும் கதை இது.

மொட்டைமாடி என்றதும் இன்னொன்று. நிஹொன்பாஷி தகாஷிமயாவின் மாடியில் 1950-ல் தாய்லாந்திலிருந்து வந்த ஒரு குட்டி யானையைக் கிரேனில் ஏற்றி வளர்த்தார்கள். 1954-க்குள் அது குட்டியாக இல்லை. படிக்கட்டு வழியாக நடத்தியே கீழே இறக்கினார்கள்.

படி 4: கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

10:45 வாக்கில் உணவகத்தின் முன்னால் வந்துவிடுங்கள். பல உணவகங்களின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகு அல்லது பிளாஸ்டிக்கால் செய்த மாதிரிகள் விலைச்சீட்டோடு இருக்கும். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பிடித்ததைப் போனில் படம் எடுத்து உள்ளே காட்டினால் போதும்.

இப்போது நம் ஆட்களுக்கான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

சைவர்களுக்குச் சிக்கல் இறைச்சி இல்லை, "தாஷி". சூப், நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய்கறி, டெம்புரா என்ற ஜப்பானிய பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு என்று எல்லாவற்றுக்கும் அடிநீர் இதுதான். பெரும்பாலும் "கத்சுவோபுஷி" என்ற உலர்ந்த மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சுவார்கள். தெற்கத்திக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் மாசிக் கருவாடு தெரியும் அல்லவா, அதன் உறவுக்காரன். எனவே தட்டில் மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். "நிக்கு மோ சகானா மோ தபேமாசென்" என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். பிறகு "தாஷி மோ" என்று சேர்த்துக் கையை அசைத்துக் காட்டுங்கள். இல்லை என்று அவர்கள் வருத்தத்தோடு தலையைக் குனிந்தால் வாக்குவாதம் வேண்டாம். மேல்மாடியில் காபி, கேக் கடை ஒன்றாவது இருக்கும். முழுச் சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் "கியூனிக்கு" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். கோழி என்றால் "தோரினிக்கு", பன்றி என்றால் "புத்தானிக்கு". "ஹம்பாகு" என்று வட்டமாக வருவது பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்தது. காரே ரைஸு குழம்பிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்வது வழக்கம், துண்டு தெரியாவிட்டாலும்.

குழந்தைகள் கூட இருந்தால் "ஒகோசாமா லஞ்ச்" கேளுங்கள். சின்னத் தட்டில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் வறுவல், கொஞ்சம் இனிப்பு, சோற்றுக் குவியலின் மேல் காகிதக் கொடி. இது பிறந்ததே இந்த நிஹொன்பாஷி மிட்சுகோஷியில்தான். 1930-ல் "குழந்தைகளுக்கான மேல்நாட்டுச் சாப்பாடு" என்ற பெயரில் 30 சென்னுக்கு வைத்தார்கள். சோற்றை ஃபூஜி மலைபோலக் குவித்து உச்சியில் கொடி குத்தினார்கள். இன்றைய பெயரைத் தந்தது மறு வருஷம் உவேனோவில் இருந்த மத்சுசகாயா கடை. பெரியவர்கள் ஆசைப்பட்டாலும் பல இடங்களில் தர மாட்டார்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

விலை? சாதாரண உணவகத்தில் மதியச் சாப்பாடு 1,500 முதல் 3,000 யென்னுக்குள் முடிக்கலாம். "தொக்குபெத்சு ஷொக்குதோ" என்ற சிறப்பு உணவுக்கூடம் மிட்சுகோஷி, தகாஷிமயா இரண்டிலும் உண்டு. விலாங்கு மீன், ஜப்பானியம், மேல்நாட்டு வகை எல்லாம் ஒரே கூடத்தில் கிடைக்கும், அதனால் வீட்டில் ஆளுக்கொரு ருசி என்றால் நல்லது. விலை மட்டும் ஒரு படி மேலே.

படி 5: பெயர் எழுதிவிட்டு உட்காருங்கள்

வாசலில் ஒரு சிறு மேஜையும் அதன் மேல் ஒரு தாளும் இருக்கும். பெயர், எத்தனை பேர் என்று எழுத வேண்டும். சில இடங்களில் எண் சீட்டு தரும் இயந்திரம். நம் பெயர்களை முழுதாக எழுதினால் அவர்களால் கூப்பிட முடியாது. "ரவி", "மாலா" மாதிரி இரண்டெழுத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் எதுவாக இருந்தால் என்ன. அப்புறம் வெளியே போட்டிருக்கும் நாற்காலி வரிசையில் உட்காருங்கள். முன்னால் ஒருவர் எழுந்தால் எல்லாரும் ஒரு நாற்காலி நகர்வார்கள், நீங்களும் நகருங்கள்.

படி 6: மேஜையில்

முதலில் தண்ணீரோ தேநீரோ வரும், காசு இல்லை. கூடவே ஈரத்துண்டு, "ஓஷிபோரி". கையைத் துடைக்க மட்டும். முகம், கழுத்து என்று இறங்கிவிடாதீர்கள். பையைத் தரையில் வைக்காமல் காலடியில் இருக்கும் கூடையில் வையுங்கள். ஆளைக் கூப்பிட "சுமிமாசென்" என்று சொன்னால் போதும், கை தட்டவோ விரல் சொடுக்கவோ கூடாது. மிஞ்சியதைப் பார்சல் கேட்பது அங்கே வழக்கமில்லை, ஆகவே அளவாக ஆர்டர் செய்யுங்கள்.

பில்லை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். அதை எடுத்துக்கொண்டு வாசலில் உள்ள கல்லாவுக்குப் போங்கள். பணத்தைக் கையில் நீட்டாமல் அங்கிருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். வெளியே வரும்போது "கோச்சிசோசமா", அதாவது சாப்பாட்டுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், முகம் மலரும்.

படி 7: மாடி மாடியாக இறங்குங்கள்

இனி எஸ்கலேட்டர். மிட்சுகோஷியின் நடுக்கூடத்தில் "மாகொக்கோரோ" என்ற தேவதைச் சிலை சுமார் 11 மீட்டர் உயரத்துக்கு மாடிகளை ஊடுருவி நிற்கிறது. 1960-ல் வைத்தது. படிக்குப் படி அதன் வேறொரு பக்கம் தெரியும். இரண்டாம் மாடி முகப்பில் 1930-ல் வாங்கிய பைப் ஆர்கன் இருக்கிறது. வார இறுதியில் குறித்த நேரங்களில் வாசிப்பார்கள், நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். சுவரின் சலவைக்கல்லை உற்றுப் பார்த்தால் சுருள் சுருளாக அம்மோனைட் புதைபடிவங்கள் தெரியும். என் மகன் துணிப் பிரிவில் எதையும் பார்க்கவில்லை, சுவரையே தடவிக்கொண்டு வந்தான்.

வாங்கினால் வரி விஷயம். ஒரே நாளில் ஒரே கடையில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கு மேல் வாங்கும் சுற்றுலாப் பயணிக்கு நுகர்வு வரி விலக்கு உண்டு. அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் செல்லாது. இதுவரை கடையிலேயே கழித்தார்கள். 2026 நவம்பர் 1 முதல் முழு விலையும் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கச் சோதனைக்குப் பிறகு திரும்பப் பெறும் முறை வருகிறது. உணவகத்தில் சாப்பிட்டதற்கு இதெல்லாம் கிடையாது.

படி 8: கடைசியில் "தெபாச்சிக்கா"

தெபாத்தோவின் கீழ்த்தளம், சுருக்கமாகத் தெபாச்சிக்கா. இனிப்பு, ஊறுகாய், பெட்டிச் சோறு, தேயிலை எல்லாம் இங்கே. பெட்டிச் சோறும் சாலட்டும் கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது விலை குறைய ஆரம்பிக்கும், மேலே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இனிப்புப் பெட்டிக்கு அந்தத் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள்.

பரிசுக்கு என்று சொன்னால் மிட்சுகோஷியின் தாளில் கட்டித் தருவார்கள். வெள்ளையில் சிவப்பாகக் கூழாங்கல் போன்ற உருவங்கள். ஓவியர் இனோகுமா கென்இச்சிரோ 1950-ல் வரைந்தது. கடற்கரைக் கற்களைப் பார்த்து வந்த எண்ணம். அதில் "மிட்சுகோஷி" என்ற எழுத்தைச் சேர்த்தவர் அப்போது அங்கே விளம்பரப் பிரிவில் இருந்த யானாசே தகாஷி. பின்னாளில் ஜப்பானியக் குழந்தைகளெல்லாம் கொண்டாடும் "அன்பன்மான்" என்ற கார்ட்டூன் நாயகனை வரைந்தவர் அவர்தான். தாளைக் கிழிக்காமல் பிரியுங்கள். எங்கள் வீட்டில் பையனின் அறிவியல் புத்தகத்துக்கு அட்டையாகிவிட்டது.

வெளியே மழை என்றால் காகிதப் பையின் மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று கேட்காமலே போட்டுத் தருவார்கள். ஜன்னலே இல்லாத கீழ்த்தளத்தில் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்தேன். பல கடைகளில் மழை தொடங்கியதும் ஒலிபெருக்கியில் பாட்டு மாறுமாம், ஊழியர்களுக்கு அதுதான் அடையாளம். பாட்டு மாறினால் குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.