இங்கிலாந்தின் குறுங்காட்டுக்குள் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காடு என்றால் யானையும் சிறுத்தையும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். இங்கிலாந்துக்காரர்கள் ‘வுட்லேண்ட்’ என்று சொல்லும் இடம் அப்படிப்பட்டதல்ல. தோப்பைவிடப் பெரியது, மலைக்காட்டைவிட மிகச் சிறியது. குறுங்காடு என்ற சொல் ஓரளவு பொருந்தும். ஓநாயும் கரடியும் அங்கே அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. நஞ்சுள்ள பாம்பு ஒரே ஒரு வகைதான், அதுவும் ஆள் அரவம் கேட்டால் ஒதுங்கிவிடும். அதனாலேயே முதன்முறை போகிறவர்கள் பூங்காவுக்குப் போவதுபோலப் போய்விடுகிறார்கள். கண்ட இடத்தில் இறங்கி நடக்கிறார்கள், பூக்களுக்கு நடுவே போர்வை விரிக்கிறார்கள். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன.

மிகப் பெரிய தவறு, புளூபெல் என்ற நீலக் காட்டுப்பூ பூக்கும் பருவத்தில் நடப்பது. தென் இங்கிலாந்தில் ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் பாதி வரை ஓக், பீச் மரங்களுக்கு அடியில் நிலமே தெரியாமல் நீலமாகிவிடும். உலகத்தின் புளூபெல் செடிகளில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மேலே மரங்கள் முழுதாக இலை விட்டு வெயிலை மறைப்பதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களுக்குள் இந்தச் செடி இலை விட்டு, பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்க ஒருவர் உள்ளே கால் வைத்தால் பூ சாய்வது மட்டும் அல்ல, இலையும் நசுங்குகிறது. நசுங்கிய இலை உணவு தயாரிக்காது. கிழங்கு வெறுங்கையோடு கோடைக்குள் போகிறது. மிதிபட்ட திட்டு பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து முளைக்கும் செடி பூக்கவே குறைந்தது ஐந்து ஆண்டு வேண்டும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. முதலில் போனவரின் கால்தடம் அடுத்தவர் கண்ணுக்குப் பாதை போலத் தெரிகிறது. ‘நான் ஒன்றும் மிதிக்கவில்லை, ஏற்கெனவே வழி இருந்தது’ என்று நல்ல மனதோடுதான் பத்தாவது ஆளும் உள்ளே போகிறார். குழந்தையை நீலத்தின் நடுவே உட்கார வைத்துப் படம் எடுக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கு உள்ளே போகவே வேண்டாம். பாதை ஓரத்தில் குழந்தையை நிறுத்தி, நீங்கள் முழங்காலிட்டுக் கேமராவைப் பூவின் உயரத்துக்கு இறக்கி, ஜூம் செய்து எடுங்கள். பூக்கள் நெருங்கி நிற்பதுபோலத் தெரியும், குழந்தை நடுவே இருப்பதுபோலவே படம் வரும். கிழங்கைத் தோண்டி வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பேச்சே கூடாது: நில உரிமையாளரின் அனுமதியின்றி அப்படிச் செய்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. ஷெர்வுட் காட்டில் ‘மேஜர் ஓக்’ என்று ஒரு பெரிய மரம் இருக்கிறது. வயது 800 முதல் 1,000 ஆண்டு வரை சொல்வார்கள். அதன் அடியில் போய் நிற்க ஆசைப்பட்டு வந்தவர்களின் கால்களே வேரைச் சுற்றியுள்ள மண்ணை இறுக்கிவிட்டதால், 1970களில் வேலி போட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்ல வேண்டியதாயிற்று. மண் இறுகினால் நீரும் காற்றும் வேருக்கு இறங்குவதில்லை. யாரும் அந்த மரத்தை வெட்ட வரவில்லை, எல்லோரும் அன்போடு பார்க்கத்தான் வந்தார்கள். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் உள்ள விஸ்ட்மன்ஸ் வுட் என்ற சிறு காட்டிலும் இதே கதைதான். பாறைகளுக்கு நடுவே குட்டையாகத் திருகி நிற்கும் ஓக் மரங்கள், எங்கும் பாசி. படங்களைப் பார்த்துக் கூட்டம் பெருகி, பாறைமேல் ஏறிய கால்களில் பாசி உரிந்தது. இப்போது காட்டுக்குள் நுழையாமல் ஓரமாகச் சுற்றி வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவு தூரம் நடந்துபோய் வெளியில் நிற்பதா என்று தோன்றும். வெளியில் நின்றாலே போதும், அங்கிருந்துதான் காடு முழுதாகத் தெரிகிறது.

இங்கிலாந்தில் ‘பழங்காடு’ என்ற கணக்குக்கு ஒரு வரையறை உண்டு: 1600ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலம். பிரிட்டனின் மொத்தப் பரப்பில் இது ஏறக்குறைய 2.5 சதவீதம்தான். மரத்தைத் திரும்ப நடலாம், ஆனால் நானூறு ஆண்டு மக்கிய மண்ணையும் அதில் வாழும் பூஞ்சைகளையும் எந்த நர்சரியிலிருந்தும் வாங்கி வர முடியாது. அதனால்தான் கீழே கிடக்கும் கட்டைகூட அங்கே குப்பை இல்லை. கொம்பு வண்டு என்று சொல்லத்தக்க ஸ்டாக் பீட்டிலின் புழு மண்ணுக்குள் உளுத்த மரத்தைத் தின்றுகொண்டு பல ஆண்டுகள் கிடக்கும். வண்டாக வெளியே பறப்பது சில வாரம்தான். வீட்டு அடுப்புக்கோ அலங்காரத்துக்கோ ஒரு கட்டையைத் தூக்கிப்போனால் அந்தப் புழுவின் வீட்டைத்தான் தூக்கிப்போகிறோம்.

கிழக்கு லண்டன் தமிழர்களுக்கு இது பக்கத்து வீட்டு விஷயம். எப்பிங் காடு வடக்கே எப்பிங் ஊரைத் தாண்டியும் போகிறது, தெற்கே மேனர் பார்க் வரை இறங்குகிறது. கிழக்கு ஹாம், இல்ஃபோர்டு குடும்பங்கள் கோடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளி அந்தக் காட்டின் தென்கோடிதான். இந்தக் காட்டை நிலப்பிரபுக்கள் வேலி போட்டு விற்றுவிடப் பார்த்த காலத்தில், கிளை வெட்டும் தங்கள் உரிமைக்காக லௌட்டன் ஊர் ஏழைகள் சிறைக்குக்கூடப் போனார்கள். 1878இல் தனிச்சட்டம் வந்து காடு பொதுமக்களுக்கு மிஞ்சியது. ஆளுயரத்துக்கு மேலே திரும்பத் திரும்பக் கவாத்து செய்யப்பட்டு, அடிமரம் பருத்து நிற்கும் 50,000க்கும் மேற்பட்ட முதிய மரங்கள் அந்த வழக்கத்தின் மிச்சம். இங்கே புல்வெளியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பார்பிக்யூ தட்டை வைப்பது மன்னிக்க முடியாத தவறு. 2018 ஜூலையில் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸில் காய்ந்த புல் பற்றி எரிந்தபோது 200க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வர வேண்டியிருந்தது. சோற்றை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். புளியோதரைக்கு நெருப்பு வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் காளான் பறிப்பதும் எப்பிங் காட்டில் தடை. வேறு இடங்களில் அனுமதி இருந்தாலும், தெரியாதவர் பறிக்கக் கூடாது. ‘டெத் கேப்’ எனும் காளான் இங்கிலாந்துக் காடுகளில் உண்டு. சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது, சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்கும், அதற்குள் நஞ்சு ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். வசந்தத்தில் காட்டுப்பூண்டு இலை பறிப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதற்கு நடுவிலேயே நஞ்சுள்ள வேறு இலைகள் முளைக்கும். பூண்டு வாசனை கையில் ஒட்டிக்கொண்ட பிறகு எதை மோந்தாலும் பூண்டாகத்தான் இருக்கும்.

காடு என்றால் எல்லோருக்கும் பொது என்று நினைப்பதும் தவறு. இங்கிலாந்தில் நிறையக் காடுகள் தனியார் நிலம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் நடப்பதற்குத் திறந்துவிட்டது பெரும்பாலும் மலைவெளி, மேய்ச்சல் வெளி போன்றவற்றைத்தான். காடுகள் பொதுவாக அதில் சேரவில்லை. ஆகவே அம்புக்குறியைப் பாருங்கள்: மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பாதை, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும். நாய் வைத்திருப்பவர்கள் மார்ச் முதல் ஜூலை வரை கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம், தரையில் கூடு கட்டும் பறவைகள் அங்கே உண்டு.

பொழுது விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். முந்தின வாரம் ஆறு மணி வரை வெளிச்சம் இருந்த நினைப்பில் மூன்றரைக்கு நடக்கத் தொடங்கினேன். நாலே முக்காலுக்குள் சூரியன் போய்விட்டது, காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டு. இலை உதிர்ந்த தரையில் பாதைக்கும் பாதையில்லாததற்கும் வேறுபாடு தெரியவில்லை. அருகில் போன ரயிலின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும். டார்ச், சார்ஜ் உள்ள போன், முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம் மூன்றும் பையில் இருக்கட்டும். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. பலத்த காற்று என்று அறிவிப்பு வந்த நாளில் போகவே வேண்டாம், பழைய பீச் மரங்கள் கிளையை உதிர்க்கும்.

உண்ணியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மான் நடமாடும் புதர், உயர்ந்த புல், பெரணிச் செடி ஆகியவற்றில் இருந்து காலில் ஏறும், கடித்தால் வலிக்காது. முழு பேண்ட் போட்டு, அதன் கீழ்நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் விடுவதோ நெருப்பு காட்டுவதோ கூடாது. நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக மேலே இழுக்க வேண்டும். எல்லா உண்ணியும் நோய் தராது. ஆனால் பிறகு வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோய்க்குத் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் நன்றாகக் குணமாகும்.

கடைசியாக, வேகம். சேற்றுக்கு ஏற்ற பூட்ஸ் போட்டு, வரைபடம் எடுத்து, எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ஐந்து மைலை இரண்டு மணி நேரத்தில் பேசிக்கொண்டே முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பேச்சுக் குரல் கேட்ட இடத்தில் பறவைகள் முதலில் அடங்கிவிடும். விழுந்து கிடக்கும் மரத்தருகே பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். முதலில் தலைக்கு மேலே எங்கோ மரங்கொத்தி தட்டும். பிறகு நட்ஹாட்ச் என்ற நீலச் சாம்பல் முதுகுக் குருவி தலைகீழாக அடிமரத்தில் இறங்கி வரும். அதற்கும் பிறகு, நீங்கள் நிற்பதையே மறந்துவிட்டு, ஒரு மான் பாதையைக் கடக்கலாம்.