‘முத்துலட்சும’: டிசைன் வேலைக்கு ஏஐயிடம் ஸ்கிரிப்ட் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயப்பேட்டையில் எங்கள் டிடிபி கடைக்கு ஒரு விழாவுக்கான பேட்ஜ் ஆர்டர் வந்தது. பெயர்கள் எக்செலில் இருந்தன. ஒவ்வொன்றாக டிசைன் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் ஒட்டினால் பொழுது விடிந்துவிடும் என்று, இந்த வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரலான ஸ்கிரிப்ட் ஒன்றை ஏஐயிடம் கேட்டேன். ‘12 எழுத்தைத் தாண்டினால் வெட்டிவிடு’ என்றும் சேர்த்துச் சொன்னேன். பிரிண்ட் வந்தபோது ஒரு அம்மாவின் பெயர் ‘முத்துலட்சும’ என்று நின்றது.

தப்பு என்னுடையதுதான். நாம் எண்ணினால் முத்துலட்சுமி 7 எழுத்து, கணினிக்கு 13. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ‘மு’ என்றால் மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘த்’ எழுத்திலும் புள்ளி தனிக் கணக்கு. பன்னிரண்டில் கத்தி விழுந்த இடம், கடைசி மகரத்துக்கும் அதன் கொக்கிக்கும் நடுவில். தமிழில் எழுத்தை எண்ணச் சொல்லவே கூடாது. ‘பெயரின் அகலத்தை அள, பெட்டியைத் தாண்டினால் ஃபாண்ட் சைஸைக் குறை’ என்று கேளுங்கள்.

பழைய பாமினி ஃபாண்டில் அடித்த ஃபைல் வந்தால் இதைவிட மோசம். திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலக் கேப்பிட்டலாக்கும் வரியை, கேட்காமலேயே ஏஐ சேர்த்திருக்கும். பாமினியில் அது வேறு தமிழ் எழுத்தாகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.

அளவிலும் வழுக்கும். இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்ட் பாயிண்ட்டில் கணக்குப் போடும், 1 மி.மீ. சுமார் 2.835 பாயிண்ட். மாற்ற மறந்தால் 90 மி.மீ. கார்டு 32 மி.மீ.கூட வராது. இன்னொரு டிசைன் மென்பொருளான கோரல்டிராவின் மேக்ரோவில் (அங்கே ஸ்கிரிப்டுக்கு அதுதான் பெயர்) யூனிட் சொல்லாவிட்டால் அங்குலம். 90 அங்குல விசிட்டிங் கார்டை வாசலில்தான் மாட்ட வேண்டும்!

கறுப்பைப் பற்றியும் வாய் திறந்து சொல்லுங்கள். ஏஐ திரைக்கான ஆர்ஜிபி கறுப்பைப் போட்டுவிட்டால், அச்சுக்கான நாலு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாறும்போது அது நாலு மையிலும் பிரிந்துவிடும். ஆஃப்செட் அச்சில் பிளேட் இம்மி நகர்ந்தாலும் சின்ன எழுத்தைச் சுற்றி நிழல் கட்டும். மானிட்டரில் இது தெரியாது, பிரஸ்காரர் திட்டும்போதுதான் தெரியும். கே என்றால் கறுப்பு மை; ‘கே 100, மற்ற மூன்றும் 0’ என்று எழுதிவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே எரர் காட்டினால் பயப்பட வேண்டாம். இல்லஸ்ட்ரேட்டரின் ஸ்கிரிப்ட் மொழியான எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட், 1999இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரமான இஎஸ்3ஐ ஒட்டியது. ஏஐ எழுதுவதோ இன்றைய ஜாவாஸ்கிரிப்ட். ‘இஎஸ்3 மட்டும்’ என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். எரர் வருவது நல்லதுதான், உடனே மாட்டிக்கொள்கிறது. சத்தமில்லாமல் தப்பாக ஓடுவதுதான் ஆபத்து. உதாரணமாக, டிசைனின் ஒரு லேயரில் (அடுக்கில்) உள்ளவற்றை முதலிலிருந்து வரிசையாக அழிக்கச் சொன்னால், ஒன்று போனதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்து, ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். பின்னாலிருந்து அழிக்கச் சொல்ல வேண்டும். ஒரிஜினல் ஃபைலில் ஓட்டாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கஸ்டமர் தந்த எக்செலை ஃபோன் நம்பரோடு அப்படியே சாட்டில் ஒட்டுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை, நெடுவரிசைத் தலைப்புகளும் கற்பனையாக மூன்று வரிகளும் போதும். ஸ்கிரிப்டைச் சோதிக்க நான் கொடுப்பது: ஒரு ‘முத்துலட்சுமி’, குட்டிப் பெயராக ஒரு ‘கோ’, நாலு இனிஷியல் உள்ள ஒரு பெயர்.